தெளிவான படம், தவறான எண்

மருத்துவக் கருத்தரங்குகளில் ஒரே காட்சியைச் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். திரையில் இரண்டு சிடி ஸ்கேன் படங்கள் அருகருகே நிற்கும். இடப்பக்கப் படம் மணல் தூவியதுபோல் பொரிபொரியாக இருக்கும். வலப்பக்கப் படம் வழுவழுவென்று தெளிந்திருக்கும். "இரண்டும் ஒரே நோயாளி, ஒரே ஸ்கேன், வழக்கத்தில் கால்பங்கு கதிர்வீச்சுதான். மாறியிருப்பது கணிப்பொறி படத்தைக் கட்டி எழுப்பிய முறை மட்டும்" என்பார் பேச்சாளர். அரங்கம் தலையசைக்கும். அடுத்த ஸ்லைடில் முடிவு வந்துவிடும்: டோஸைக் குறைத்ததால் இழந்தது ஒன்றுமில்லை.

அந்த முடிவு தவறு என்பது என் கட்சி. வலப்பக்கப் படம் கண்ணுக்கு இதமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து ஈரலுக்கு ஒரு எண், நுரையீரலுக்கு ஒரு எண், இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்புக்கு ஒரு எண் என்று எடுத்து, அதை வைத்து ஒரு மனிதருக்கு மருந்து தொடங்குகிறோம், ஊசி போட்டுச் சதை எடுக்கிறோம், ஒன்றுமில்லை போய் வாருங்கள் என்று அனுப்பியும் விடுகிறோம். அந்த எண் சரியா என்று ஸ்லைடு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் எழுந்து போகிறோம்.

டோஸைக் குறைக்க வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுவயதில் சிடி எடுத்துக்கொண்டவர்களிடம் ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் டோஸுக்கு ஏற்பக் கூடுவதை 2012இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. 2023இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. இன்றைய டோஸில் 10,000 குழந்தைகளுக்கு சிடி எடுத்தால் அடுத்த 12 ஆண்டுகளில் அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ அதன் காரணமாகவே ரத்தம் சார்ந்த புற்றுநோய் வரக்கூடும் என்பது அதன் கணிப்பு. ஒருவர் என்றாலும் அது ஒரு குழந்தை. ஆகவே குறைக்கத்தான் வேண்டும். குறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கும் பேச்சைத்தான் எதிர்க்கிறேன். விலை தெரிந்தால் எந்த நோயாளிக்கு எதற்காக எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவர் முடிவெடுப்பார். விலையே இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் யோசிக்கவே வேண்டாம் என்றாகிவிடுகிறது.

சிடி ஸ்கேன் பிறந்ததே அளப்பதற்காகத்தான். லண்டனின் விம்பிள்டன் பகுதியில், அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், 1971 அக்டோபர் 1 அன்று காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் பதிவு செய்தது. 80க்கு 80 என்று 6,400 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் திசு எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கணிப்பொறி எண்ணாகத் தந்தது. அந்த எண்களுக்குச் சாம்பல் நிறங்களைப் பூசியதால் கிடைத்ததுதான் படம். சாதாரண எக்ஸ்ரேயிலிருந்து சிடியைப் பிரித்தது இந்த எண்தான். இன்று ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100ஐ ஒட்டி, தசை 50ஐ ஒட்டி, நல்ல ஈரல் 60ஐ ஒட்டி நிற்கும். நாகர்கோவிலில் எடுத்தாலும் லண்டனில் எடுத்தாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அளவுகோலின் வாக்குறுதி.

அந்த வாக்குறுதியை நம்பித்தான் மருத்துவம் தன் எல்லைக்கோடுகளைப் போட்டிருக்கிறது. கான்ட்ராஸ்ட் மருந்து கொடுக்காத ஸ்கேனில் ஈரல் 40க்குக் கீழே போனால் கொழுப்பு கணிசமாகப் படிந்திருக்கிறது என்பார்கள். அட்ரினல் சுரப்பியில் தற்செயலாகத் தென்பட்ட கட்டி 10ஐத் தாண்டாவிட்டால் தீங்கற்றதென்று விட்டுவிடலாம். சிறுநீரகக் கட்டி கான்ட்ராஸ்ட் கொடுத்தபின் 20 எண் உயர்ந்தால் அது வெறும் நீர்க்கட்டி இல்லை என்று கொள்வார்கள். ஓராயிரம், ஈராயிரம் எண்கள் நீளும் ஒரு கோலில் 10க்கும் 20க்கும் இவ்வளவு கனம்.

இந்த எண்களைக் கட்டி எழுப்பும் வழியில் நம்மவர் கைவேலையும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியல் துறையை உருவாக்கிய ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்க, அதுவரை சுற்றிவளைத்துச் செய்த கணக்கை நேரடியான எளிய பெருக்கல் கூட்டலாக அது மாற்றிக் காட்டியது. அவர்களுடைய வடிகட்டி இன்றும் உலகெங்கும் பாடப்புத்தகங்களில் 'ராம்-லாக்' என்றே வழங்குகிறது. நிழல்களை வடிகட்டி, வந்த வழியே திருப்பிப் பரப்பிப் படமாக்கும் இந்த முறைதான் பல பத்தாண்டுகள் சிடியை ஆண்டது. பின்வீச்சு முறை என்று இங்கே அழைக்கிறேன்.

பின்வீச்சு முறையின் பெரிய குணம், அது ஒரு நேர்கோட்டுக் கணக்கு. எலும்பின் விளிம்பை எப்படி நடத்துகிறதோ அப்படியே ஈரலில் மங்கலாகத் தெரியும் கட்டியின் விளிம்பையும் நடத்தும். டோஸைக் கால்பங்காக்கினால் படத்தின் பொரி, அதாவது இரைச்சல், இரண்டு மடங்காகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த இரைச்சல் உண்மை எண்ணுக்கு மேலும் கீழும் சமமாக ஆடுவதால், ஈரலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் போட்டுச் சராசரி எடுத்தால் ஆட்டம் அடங்கி உண்மை எண் வெளிவரும். மணல் தூவிய இடப்பக்கப் படத்தை அரங்கம் இகழ்ச்சியோடு பார்க்கிறது. அந்த மணலுக்குள் இருக்கும் சராசரி பல வேளைகளில் சரியாகவே இருக்கிறது.

பின்வீச்சு முறைக்கு நான் கோயில் கட்டவில்லை. டோஸ் மிகவும் குறைந்தால் அதுவும் தவறும். தவறும் இடம் எது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கருவி எண்ணுவது உடலைத் துளைத்து மறுபுறம் வந்த ஃபோட்டான்களை. கணக்குக்குத் தேவைப்படுவதோ அந்த எண்ணிக்கையின் லாகரிதம். சராசரியின் லாகரிதமும் லாகரிதங்களின் சராசரியும் ஒன்றல்ல. ஒரே பாதையில் சராசரியாக 10 ஃபோட்டான் வர வேண்டும்; ஒரு முறை 5, மறு முறை 15 வந்தது என்று வையுங்கள். 10இன் இயல் லாகரிதம் 2.30. 5, 15 இரண்டின் லாகரிதங்களின் சராசரி 2.16. இந்த 0.14 வித்தியாசத்தைக் கருவி திசுவாக எடுத்துக்கொள்ளும். உடலில் இல்லாத 7 மில்லிமீட்டர் தண்ணீரை அந்தப் பாதையில் சேர்த்துவிடும். எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டால் பூஜ்யத்துக்கு லாகரிதமே இல்லை. ஏதோ ஒரு சிறிய எண்ணை மென்பொருள் அங்கே செருகும். அப்போது பிழை எதிர்ப்பக்கமாகத் திரும்பலாம். தோள்பட்டையிலும் இடுப்பிலும் பருத்த உடலிலும் இதுதான் நடக்கிறது. இது ஒரே பக்கமாகச் சாயும் பிழை. எவ்வளவு பெரிய வட்டம் போட்டுச் சராசரி எடுத்தாலும் போகாது. படத்தைத் துடைக்கும் மென்பொருளாலும் போகாது, ஏனென்றால் இந்தச் சாய்வு பொரியாகத் தெரிவதில்லை.

2008ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த திரும்பத் திரும்பத் திருத்தும் மீட்டுருவாக்க முறைகளும், 2019இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆழ்கற்றல் முறைகளும் நேர்கோட்டுக் குணத்தைக் கைவிட்டவை. அவை படத்தைப் பார்த்து, 'இது விளிம்பு, காப்பாற்று. இது இரைச்சல், துடை' என்று இடத்துக்கு இடம் தீர்ப்புச் சொல்கின்றன. எலும்பின் விளிம்பு பலமானது, எனவே பிழைத்துக்கொள்ளும். ஈரலில் சுற்றுப்புறத்தைவிட 15, 20 எண் மட்டும் குறைந்த சிறு கட்டியின் விளிம்பு பலவீனமானது, அதுவும் இரைச்சலும் ஒன்றுபோலத் தெரியும். இப்படிப்பட்ட முறையில் கூர்மை என்பது கருவியின் நிலையான குணமாக இருப்பதில்லை. பார்க்கப்படும் பொருளின் பலத்தையும் டோஸையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே விளம்பரத்தில் மூட்டெலும்பின் நுண்கோடுகள் எவ்வளவு கூராகத் தெரிந்தாலும் அது ஈரலைப் பற்றிய சாட்சியம் ஆகாது.

இதன் விளைவை மிகத் தெளிவாகக் காணலாகும் இடம் நுரையீரல். காற்றறைகளின் சுவர் சிதைந்து போகும் எம்ஃபிசீமாவை சிடியில் அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது: நுரையீரலில் −950க்குக் கீழே போன புள்ளிகள் எத்தனை சதவீதம் என்று எண்ணுவது. பல ஆய்வுகள் 5 சதவீதத்தை எல்லையாக வைக்கின்றன. இனி ஒரு கணக்குப் போடுவோம். நுரையீரல் முழுக்கச் சீராக −870. நோய் துளியும் இல்லை. இரைச்சலின் திட்டவிலக்கம் 30 என்றால் −950க்குக் கீழே விழும் புள்ளிகள் 0.4 சதவீதம். டோஸைக் கால்பங்காக்குங்கள். விலக்கம் 60 ஆகும். இப்போது அதே ஆரோக்கியமான நுரையீரலில் 9 சதவீதம் புள்ளிகள் எல்லைக்குக் கீழே. நோயில்லாதவருக்கு நோய் வந்துவிட்டது.

"சரிதான், இரைச்சலைத் துடைக்கும் புதிய முறை வேண்டும் என்பதற்கு இதுவே சான்று" என்று எதிர்க்கட்சி சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சீரான நுரையீரல் என் கணக்கில் மட்டுமே இருப்பது. புகைபிடிப்பவரின் எம்ஃபிசீமா நுரையீரலின் நுண்கூறுகளின் நடுவே சில மில்லிமீட்டர் அளவுத் துளைகளாகத் தொடங்குகிறது. கால்பங்கு டோஸில் அந்தத் துளையும் ஒரு கரும்பொட்டு, இரைச்சலும் ஒரு கரும்பொட்டு. இரண்டையும் பிரிக்கத் தேவையான தகவல் ஃபோட்டான்களோடு போய்விட்டது. மென்பொருள் இரண்டையும் சேர்த்தே துடைக்கும். −960ஆக இருந்த சிறு துளை சுற்றியிருக்கும் −870உடன் கலந்து −930 ஆனால் அது கணக்கிலிருந்தே மறைந்தது. போன வருடம் பழைய முறையில் 9 சதவீதம், இந்த வருடம் புதிய முறையில் 4 சதவீதம் என்று அறிக்கை வந்தால், நோய் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வீடு மகிழும். சிதைந்த காற்றறைச் சுவர் மறுபடி வளர்வதில்லை.

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஓர் எண் சொல்கிறேன். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாட்டால் வரும் எம்ஃபிசீமாவுக்கு ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்த்த 'ராபிட்' ஆய்வு 2015இல் லான்செட்டில் வந்தது. சிடியில் அளந்த நுரையீரல் அடர்த்தி, மருந்து பெற்றவர்களிடம் ஆண்டுக்கு லிட்டருக்கு 1.45 கிராம் குறைந்தது, பெறாதவர்களிடம் 2.19 கிராம். சிகிச்சையின் பலன் முழுவதும் இந்த 0.74க்குள் அடங்கிவிடுகிறது, ஹவுன்ஸ்ஃபீல்டு கோலில் அது 1 எண்ணுக்கும் குறைவு. நடுவில் மீட்டுருவாக்க முறையை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் மட்டுமே இந்தப் பலனை விழுங்கியிருக்கும், அல்லது இல்லாத பலனைக் காட்டியிருக்கும்.

குறைந்த டோஸ் ஆதரவாளர்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகள். அமெரிக்காவின் தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வு 53,454 பேரைச் சேர்த்துக்கொண்டது. சராசரியாக 1.5 மில்லிசீவர்ட் டோஸில் எடுத்த சிடி, வெறும் மார்பு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றால் நேரும் மரணத்தை 20 சதவீதம் குறைத்தது என்று 2011இல் அறிவித்தது. மாபெரும் சாதனை. நான் அதற்கு முன் தலை வணங்குகிறேன். ஆனால் அதைக் கொண்டுவந்து எல்லா உறுப்புக்கும் ஒட்டும்போதுதான் வாதம் வழுக்குகிறது. காற்று நிரம்பிய நுரையீரலுக்குள் ஒரு திசுக்கட்டி நின்றால் இரண்டுக்கும் எண் வித்தியாசம் 800, 900. இருட்டில் விளக்கு எரிவதுபோல் தெரியும். எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் கண் தப்பவிடாது. ஈரலில் தேட வேண்டியதோ 20 எண் வித்தியாசத்தை. அங்கே டோஸைப் பெருமளவு குறைத்தால் சிறு கட்டிகள் தவறிப்போகின்றன; எந்த மீட்டுருவாக்கமும் அதை முழுதாக ஈடுகட்டவில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தது 2002 முதல் 2004 வரை. இன்று விற்கப்படும் புதிய முறைகள் எதுவும் அப்போது சந்தையில் இல்லை. பழைய முறை ஈட்டிய பெயரைப் புதிய முறைக்குச் சான்றிதழாக எழுதித் தருவது நியாயமில்லை.

நுரையீரலிலும்கூட, கட்டியைக் கண்டுபிடிப்பது வேறு, அதை அளப்பது வேறு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் நடத்திய 'நெல்சன்' ஆய்வு கட்டியின் கனஅளவைப் பின்தொடர்ந்தது. கனஅளவு 25 சதவீதமாவது கூடினால்தான் வளர்ச்சி என்று கொண்டது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை 25 சதவீதம் பெரிதாக, அதன் விட்டம் 0.46 மில்லிமீட்டர் கூடினால் போதும். பக்கத்துக்கு 0.23. மார்பு ஸ்கேனில் ஒரு புள்ளியின் அகலமே ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். அதாவது கட்டியின் விளிம்பைப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்த்தினால் போதும், கட்டி வளர்ந்துவிடும். விளிம்பு எங்கே நிற்கிறது என்று முடிவு செய்வது யார்? மீட்டுருவாக்க முறைதான்.

நம் ஊரில் ஒரு நோயாளியின் பாதை எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முதல் ஸ்கேன் தாலுகா ஊர் சென்டரில். மூன்று மாதம் கழித்து மதுரையிலோ சென்னையிலோ வேறு கம்பெனிக் கருவியில். கையில் பெரிய பிலிம் கவரும் ஒரு சிடி வட்டும். மருத்துவர் இரண்டு அறிக்கைகளின் எண்களை ஒப்பிட்டு, 'கூடியிருக்கிறது' என்கிறார். இரண்டு அறிக்கையிலும் எந்த முறையில் படம் கட்டப்பட்டது என்ற ஒரு வரி இல்லை. அந்த ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் எத்தனை இரவு தூங்காது என்பதை அந்த அறைகளில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

இதயக் குழாய்ச் சுண்ணாம்பு எண்ணைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஆகட்ஸ்டன் 1990இல் வகுத்த முறையில் 130ஐத் தாண்டிய புள்ளிகளின் பரப்பை எடுத்து, உச்ச எண் 300 முதல் 399 வரை இருந்தால் 3ஆலும், 400ஐத் தொட்டால் 4ஆலும் பெருக்குவார்கள். 4 சதுர மில்லிமீட்டர் படிவின் உச்சம் 405 என்றால் மதிப்பெண் 16. மென்பொருள் சற்றே வழித்துவிட்டு உச்சம் 395 ஆனால் 12. 10 எண் இறங்கியதற்கு மதிப்பெண்ணில் கால்பங்கு போயிற்று. 100 என்ற மதிப்பெண்ணை வைத்துத்தான் ஸ்டாடின் மாத்திரை பற்றி அமெரிக்க வழிகாட்டி பேசுகிறது. 0 வந்தால் பலருக்கு மாத்திரை வேண்டாம் என்கிறது. 130ஐ மயிரிழையில் தாண்டிய சிறு படிவு வழிக்கப்பட்டு 128 ஆனால் அந்த நோயாளி 0காரர். குழாய் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100க்கு இறக்கி டோஸைச் சேமித்தால் பிழை மறுபக்கம் பாயும். கால்சியம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்து மதிப்பெண் ஏறும்.

"ஃபேன்டமில் சோதித்தோம், எண் அசையவில்லை" என்பது அடுத்த பதில். ஃபேன்டம் என்பது நோயாளிக்குப் பதிலாகக் கருவியில் வைக்கும் சோதனைப் பொருள். இதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் பதில், ஏனென்றால் சொல்பவர்கள் நேர்மையானவர்கள். சோதனையும் உண்மையில் நடந்ததுதான். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் அங்கீகார ஃபேன்டம் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை. உள்ளே பாலிஎதிலீன், அக்ரிலிக், எலும்பு போன்ற பொருள்களால் ஆன தடித்த தண்டுகள். பெரிய, சீரான, விளிம்பு பலமான தண்டின் நடுவே சராசரி எடுத்தால் எந்த முறையும் தேறிவிடும். நோயாளியோ 35, 40 சென்டிமீட்டர் அகலம். எக்ஸ் கதிர் ஏறத்தாழ 3.6 சென்டிமீட்டர் திசுவைக் கடக்கும்போது பாதியாகிறது. 20க்குப் பதில் 40 சென்டிமீட்டர் என்றால் மறுபுறம் வருவது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. கருவி மின்னோட்டத்தைக் கூட்டி ஓரளவு ஈடுசெய்யும், முழுவதும் செய்யாது. நான் முன்னே சொன்ன லாகரிதச் சாய்வு பிறப்பதே அந்த வறட்சியில்தான். தேறும் இடத்தில் சோதித்துவிட்டுத் தவறும் இடத்தில் பயன்படுத்துகிறோம்.

போதாததற்கு, அந்தச் சோதனையில் தண்ணீர் −7 முதல் +7 வரை எங்கே நின்றாலும் தேர்ச்சிதான். கருவியின் பொதுவான நலத்தைப் பார்க்க அது போதும். உண்மையில் 5ஆக இருக்கும் அட்ரினல் கட்டி 11ஆகத் தெரிந்து, பயந்து, மறுபடி கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்குப் போகும் நோயாளிக்கு அது போதாது. காய்கறிக் கடைத் தராசுக்கும் அரசு முத்திரை கேட்கிறோம், அதுவும் கடைக்காரர் நிறுக்கும் எடைக்கல்லை வைத்தே பார்க்கிறோம்.

"அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுகள் புதிய படத்துக்கு 5க்கு 5 கொடுத்தார்கள்" என்பது இன்னொரு வாதம். விருப்பமும் திறனும் ஒன்றல்ல. எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் கண் வழுவழுப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். கட்டி எங்கே என்று கேட்டு, விடை தெரிந்த நோயாளிகளை வைத்துத் திருத்த வேண்டும். 2016இல் மேயோ கிளினிக்கும் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமும் நடத்திய குறைந்த டோஸ் சிடி போட்டி இதைத்தான் செய்தது. கால்பங்கு டோஸ் தரவைக் கொடுத்து, ஈரலில் பரவிய கட்டிகளைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று ரேடியாலஜிஸ்டுகளை வைத்தே மதிப்பிட்டது. பின்னால் அதே தரவை எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட ஏராளமான கட்டுரைகள் அந்தக் கேள்வியைக் கைவிட்டு, முழு டோஸ் படத்தோடு புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒற்றை மதிப்பெண்ணுக்குத் தாவிவிட்டன. ஒரு படத்தில் 2,62,144 புள்ளிகள். 5 மில்லிமீட்டர் கட்டி பிடிக்கும் இடம் சுமார் 40 புள்ளி. அந்தக் கட்டி முழுவதுமாக மறைந்துபோனாலும் மதிப்பெண் அசையாது. ஒரு மனிதருக்குப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்பது அந்த 40 புள்ளிகளில் இருக்கிறது.

ராமச்சந்திரன் கட்டுரை வந்த அதே இதழில், 49 ஆண்டுகள் கழித்து, 2020இல், ஆழ்கற்றல் மீட்டுருவாக்கத்தின் நிலையின்மை பற்றி ஒரு கட்டுரை வந்தது. உள்ளீட்டில் கண்ணுக்கே தெரியாத சிறு மாற்றம் செய்தால் சில வலைப்பின்னல்கள் படத்தைக் குலைத்தன. சிறிய அமைப்புகளை மங்கடித்தன அல்லது அழித்தன. கூடுதல் அளவீடுகளைக் கொடுத்தபோது சில இன்னும் மோசமாகச் செய்தன. அளவைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்ற அடிப்படையே அங்கே ஆட்டம் கண்டது. அவர்கள் சோதித்தவை ஆய்வுக்கூட வலைப்பின்னல்கள், ஆஸ்பத்திரிக் கருவியில் இருப்பவை அல்ல என்பதை நியாயத்துக்காகச் சொல்கிறேன். ஆனால் கருவியில் இருப்பவையும் பழைய நோயாளிகளின் உயர்தரப் படங்களைப் பார்த்து, 'திசு என்றால் இப்படி இருக்கும்' என்று கற்றவைதான். ஃபோட்டான் சொல்லாததை அந்தப் படிப்பிலிருந்து நிரப்புகின்றன. நிரப்பியது எவ்வளவு, அளந்தது எவ்வளவு என்று படத்தில் எந்த அடையாளமும் இல்லை. இடப்பக்கப் படத்தில் இரைச்சல் இருந்தது. இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்ப்பவரே ஊகிக்க முடிந்தது. வலப்பக்கத்தில் அந்த எச்சரிக்கை துடைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே சில கோரிக்கைகள். கருவி விற்கும் நிறுவனங்கள் அழகான ஜோடிப் படங்களோடு நிறுத்தாமல், எந்த டோஸில், எந்த உடல் அகலத்தில், எந்தத் திசுவுக்கு எண் எத்தனை சாய்கிறது என்ற அட்டவணையை வெளியிட வேண்டும். மருத்துவமனைகளின் தரச் சோதனை, நோயாளிக்குப் பயன்படுத்தும் அதே மீட்டுருவாக்க முறையில், பருத்த உடலின் அளவிலும் நடக்க வேண்டும். எம்ஃபிசீமா சதவீதமோ சுண்ணாம்பு மதிப்பெண்ணோ எடுப்பதாக இருந்தால், அந்த அளவீடு எந்த முறையில் வகுக்கப்பட்டதோ அந்த முறையிலும் ஒரு படத் தொகுதி சேர்த்துக் கட்டப்பட வேண்டும். இதற்கு இன்னொரு முறை கதிர்வீச்சு வேண்டியதில்லை, கணிப்பொறிக்குச் சில நொடிகள் போதும். ஆனால் அதை அன்றே செய்ய வேண்டும். மூலத்தரவு கருவியின் வட்டில் சில நாட்களே தங்கும். அடுத்தடுத்த நோயாளிகளின் தரவு அதன்மேல் எழுதப்பட்டுவிடும். அதன்பின் மீட்டுருவாக்கியதிலிருந்து அளந்ததற்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

தொடர் ஸ்கேனுக்கு வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்தவரை அதே இடத்தில், அதே கருவியில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். பிலிமோடு சிடி வட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டோஸ் எவ்வளவு, எந்த மீட்டுருவாக்க முறை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டு விவரமும் பெரும்பாலும் படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கின்றன.